இறங்காமல் போன இரண்டு தடவை

புதிதாக லைசென்ஸ் வாங்கி வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார், வீரசாகசமாக இருந்தால் நல்லது என்று உங்கள் கிளப் செயலாளர் கேட்டார். வீரசாகசம் செய்த பைலட்டுகள் பெரும்பாலும் எழுதுவதற்கு மிச்சமிருப்பதில்லை. நான் மிச்சமிருக்கிறேன். அதனால் என்னிடம் வேறு சரக்குதான் கிடைக்கும்.

முப்பத்தொரு வருஷம் பிறத்தியார் உயிரை முன் ஸீட்டில் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன். ஒருத்தருக்கும் ஒரு நகம் பெயர்ந்ததில்லை. இதைத் தன்னடக்கமாகச் சொல்ல எனக்கு வராது, பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் அந்தப் பெருமையில் பெரிய பங்கு நான் நன்றாக இறக்கியதற்கு அல்ல. ஊரே பார்த்துக்கொண்டிருக்க இரண்டு தடவை இறக்காமல் போனேனே, அதற்கு.

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், போன மாதம் உங்களில் ஒருவர் என்னை மரியாதைக்காக ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போனார். நல்ல கை. ஆனால் இறங்குகிற நேரத்தில், பாதை கண்ணுக்கு எதிரே வளர்ந்துகொண்டே வருகிறபோது, பின்னால் திரும்பி, "உங்க காலத்துல ரேடியோவே கிடையாதாமே சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கிழவர் கோபித்துக்கொண்டார் என்று நினைத்திருப்பார். சரியாகத்தான் நினைத்திருக்கிறார்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் பண்ணுகிறான் என்பீர்கள்.

அப்போதுதான் யுத்தம் முடிந்திருந்தது. பட்டாளத்தார் வேண்டாமென்று ஏலம் விட்ட விமானங்களில் ஒன்றை எங்கள் முதலாளி எடுத்தார். மேலும் கீழுமாக இரண்டு அடுக்குச் சிறகு, முன்னும் பின்னுமாக மேலே திறந்த இரண்டு ஸீட், மரச்சட்டத்தில் துணி போர்த்திய வண்டி. பிரேக் கிடையாது. முதலாளி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். லாரி கிளீனராகத் தொடங்கி, பஸ் டிரைவராகி, பிறகு பஸ்களுக்கே சொந்தக்காரரானவர். சமயநல்லூருக்கு மேற்கே இருந்த தன் செவக்காட்டைச் சமன்படுத்தி ஓடுபாதை போட்டார். மதுரையில் வருஷத்தில் பாதி நாள் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் நிலம் தெற்கு வடக்காகத்தான் நீளமாக இருந்தது, பாதையும் அப்படியே அமைந்துவிட்டது. அந்த நாளெல்லாம் பக்கவாட்டுக் காற்றில்தான் இறங்கியாக வேண்டும்.

நான் மதுரைக்காரன். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற, பட்டுநூலுக்குச் சாயம் போட்டே தலைமுறைகளைக் கழித்த குடும்பம். சென்னையில் பறக்கக் கற்றுக்கொண்டு, யுத்த காலமெல்லாம் வடக்கே எங்கெங்கோ தபாலும் மருந்தும் சுமந்துவிட்டு, முதலாளியின் கடிதம் கிடைத்ததும் ஓடிவந்தேன். சொந்த ஊரில் பைலட் வேலை என்றால் அந்த நாளில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குப் புரியாது. அந்த ஸீட்டில் வெள்ளைக்காரன்தான் உட்காருவான் என்று எங்கள் ஆட்களே நம்பிக்கொண்டிருந்த காலம்.

விமானத்தை நான் தனியாகத்தான் ஓட்டி வந்தேன். ஆடி மாதம். ஓடுபாதைக்கு வடக்கே ஒரு கண்மாய். அதன் கரையைத் தாண்டினால் பாதை தொடங்கிவிடும். கரைக்கு மேலே இறங்கி வரும்போது இடது பக்கம், தூரத்தில், புழுதி மூட்டத்துக்கு நடுவே மீனாட்சி கோயிலின் தெற்குக் கோபுரம் தெரிந்தது. நாலு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். மதுரையில் பிறந்தவனுக்குக் கோபுரத்தைக் கண்டால் கை தானாக எழும்பும், அது யோசித்துச் செய்கிற காரியமல்ல. என் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. கன்னத்தில் போட்டுக்கொண்டேனா என்று ஞாபகமில்லை. போட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், துணி போர்த்திய வண்டி எம்மாத்திரம். வலது சிறகைத் தூக்கி அடித்தது. கையைத் திரும்ப வைத்து நிமிர்த்துவதற்குள் பாதையை விட்டு விலகிவிட்டேன். அப்போதாவது எஞ்சினை முழுக்கத் திறந்து மேலேறி இன்னொரு சுற்று வந்திருக்க வேண்டும். சொந்த ஊரில், முதல் நாளிலேயே, இறங்கத் தெரியாமல் திரும்ப ஏறுவதா என்று ரோஷம் வந்தது. இழுத்துப் பிடித்து இறக்கினேன். இடது கீழ்ச்சிறகு தரையில் உரசி முனை ஒரு முழத்துக்குக் கிழிந்தது. கும்பிட்டது ஒரு தப்பு. ரோஷப்பட்டது அதைவிடப் பெரிய தப்பு.

ஆடியில் கொண்டுவந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று முதலாளி நம்பினார். நான் மறுத்துப் பேசவில்லை.

ஆனால் தரையில் ஒருத்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மெக்கானிக். பட்டாளத்தில் விமான எஞ்சின் பழுதுபார்த்தவர். அவருடைய வீட்டார் மதுரையில் பள்ளிவாசல் தெருவில் தையல் மெஷின் ரிப்பேர் செய்துவந்தார்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், அவ்வளவுதான். பெயரை எழுதவில்லை. எழுதினால், என்னைய எதுக்கு மாப்ள இதுல இழுக்குறே என்று சண்டைக்கு வரக்கூடிய ஆள். எனக்கு எப்போதும் அவர் பாய்தான்.

கிழிந்த துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே, இரண்டு கையும் மேலே வந்ததைப் பார்த்தேன் என்றார். கோபுரம் தெரிந்தது பாய், பஸ் டிரைவர்கள்கூடக் கோயிலைக் கண்டால் ஸ்டீரிங்கை விட்டுக் கும்பிடுகிறார்களே என்றேன். அதனால்தான் நான் பஸ்ஸில் முன் ஸீட்டில் உட்காருவதே இல்லை என்றார். அப்புறம் அவர் சொன்னதை நான் கடைசிவரை மறக்கவில்லை.

"கும்பிடு மாப்ள, வேணாங்கல. நானும் அஞ்சு வேளை தொழுகுறவன். ஆனா தொழுகையில நின்னுட்டா எவன் கூப்பிட்டாலும் நாங்க திரும்ப மாட்டோம். பெத்த அத்தாவே கூப்பிட்டாலும் சரிதான். முடிச்சுட்டுத்தான் என்னான்னு கேப்போம். கண்மாய்க் கரைக்கு இங்கிட்டு வந்துட்டா உனக்கு அதுதான் தொழுகை."

இப்படித்தான் எங்கள் சட்டம் பிறந்தது. கண்மாய்க் கரையைத் தாண்டி உள்ளே வந்தால், சக்கரம் உருண்டு நிற்கிற வரைக்கும் பேச்சு இல்லை, பதில் இல்லை, கும்பிடு இல்லை, சலாம் இல்லை. ஏறுகிற ஒவ்வொருவரிடமும் பாய் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் பெல்ட்டைக் கட்டுவார்.

வாயைக் கட்டியாகிவிட்டது. கையைக் கட்டுவதுதான் பெரும்பாடாக இருந்தது. பிரயாணி முன் ஸீட், பைலட் பின் ஸீட். முன் ஸீட்டின் பிடிக்கோலைப் பாய் கழற்றி வைத்துவிடுவார். ஆனால் இடது பக்கம் இருந்த எஞ்சின் பிடியையும், காலடியில் குறுக்கே கிடந்த, மிதித்து வண்டியின் மூக்கைத் திருப்புகிற ரட்டர் கட்டையையும் எங்களால் கழற்ற முடியவில்லை. முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றோடொன்று இணைந்தவை. தரை எழும்பி வருவதைக் கண்டு பயந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், பஸ்ஸில் கம்பியைப் பிடிப்பதுபோல எஞ்சின் பிடியைச் சிக்கெனப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவரோடு மல்லுக்கட்டி இறக்கியதில் எனக்குத் தோள்பட்டை மூன்று நாள் வலித்தது.

இதற்கும் பாய்தான் வழி கண்டுபிடித்தார். நம் ஆட்களிடம் கையைச் சும்மா வைத்துக்கொள் என்றால் வைக்கமாட்டார்கள். ஆனால் மரியாதையாக ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டால், வாங்கிய பழத்தைக் கீழே போடமாட்டார்கள், அபசகுனம். ஆகவே கைக்கு ஒன்றாக இரண்டு பழம். ஏறுகிறவர்கள் அதை விமானக் கம்பெனியின் உபசாரம் என்று நினைத்து நெகிழ்ந்துபோனார்கள். வெள்ளோட்டமாக இரண்டு வாரம் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கினோம். ஒருத்தரும் எதையும் தொடவில்லை. எங்கள் புத்தியை நாங்களே மெச்சிக்கொண்டோம்.

இந்தச் சமயத்தில்தான் விருதுநகர்ப் பக்கத்துப் பஞ்சு வியாபாரி ஒருவர் முதலாளியோடு கூட்டுச் சேர வந்தார். அவர் சேர்ந்தால் இன்னும் இரண்டு விமானம் வாங்கலாம். சிறகு கிழிந்த கதை அவர் காதுக்கும் போயிருந்தது. ஆடி மாதத்தின் மேல் அவர் பழிபோடவில்லை. யுத்தத்தில் ஓட்டிய வெள்ளைக்காரப் பைலட் ஒருவன் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டிருக்கிறான், அவனைப் போட்டால்தான் பணம் போடுவேன், சாயப்பட்டறைப் பையனை நம்பி எவன் ஏறுவான் என்று கேட்டிருக்கிறார்.

ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு விழா வைத்தார்கள். கலெக்டர் வருகிறார். முதலாளியே முன் ஸீட்டில் ஏறி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்குவதாக ஏற்பாடு. முந்தின நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தம்பி, எனக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு. அவருக்கு இல்ல. நாளைக்கு ஒரே தடவையில பூவாட்டம் எறக்கிக் காட்டிருங்க. அதுக்கு மேல அவரு பேச மாட்டாரு. சொதப்பிட்டா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஒளிவுமறைவு இல்லாத மனுஷர். என் வேலை அந்த ஒரு இறக்கத்தில் இருந்தது. அவரும் மறைக்கவில்லை, நானும் வேறு மாதிரி நினைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் பந்தலை ஓடுபாதைக்கு மேற்கே போட்டிருந்தார்கள். விமானம் கிளப்புகிற புழுதி காற்றோடு கிழக்கே போய்விடும், கலெக்டர் மேல் படாது என்று கணக்கு. நல்ல கணக்குத்தான். நாதஸ்வரம், தோரணம், உசிலம்பட்டியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்த சனம். ஆடிதான் முடிந்திருந்தது, ஆடிக் காற்று முடியவில்லை. முதலாளி சரிகை வேட்டியும் மாலையுமாக வந்தார். மாலையைக் கழற்றச் சொன்னதற்கே அவர் முகம் சுண்டிவிட்டது. பாய் விடவில்லை. பெல்ட்டைக் கட்டி, சட்டத்தைச் சொல்லி, இரண்டு கையிலும் பழத்தைக் கொடுத்தார். நான் போட்ட பாதைக்கு எனக்கே சட்டமா என்று முதலாளி சிரித்தார். ஆனாலும் சரி என்றார்.

மேலே எல்லாம் நன்றாகவே நடந்தது. வைகையைக் கடந்து, கோபுரங்களைச் சுற்றி, யானைமலை வரை போய்த் திரும்பினோம். இரண்டு ஸீட்டுக்கும் நடுவே இருந்த பேச்சுக்குழாய் வழியாக அவர் சின்னப்பிள்ளைபோலப் பேசிக்கொண்டே வந்தார். தன் பஸ் ஒன்று ரோட்டில் போவதைப் பார்த்து, டிரைவர் மெதுவாகப் போகிறான் என்று மேலிருந்தே திட்டினார்.

கண்மாய்க் கரையைத் தாண்டினேன். பேச்சு நின்றது. வாக்குக் கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டார். ஆனால் கீழே மொத்தச் சனமும் எழுந்து நின்று அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. கிளீனராக இருந்த மனுஷர். அத்தனை பேர் கும்பிடும்போது திருப்பிக் கும்பிடாமல் இருப்பாரா? எனக்கு முன்னால் அவருடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே எழும்பிக் குவிந்தன.

பழங்கள் விழுந்ததை நான் பார்க்கவில்லை. என் கால் சொன்னது. இடது ரட்டரை அழுத்தினேன், பாதி வரைக்கும் போய் நின்றுவிட்டது. மெத்தென்று ஒரு தடை. அதே நேரம், தம்பி பழம் விழுந்துருச்சு என்று குழாயில் அவர் குரல் வந்தது. தலை குனிந்து மறைந்தது. விழுந்த பழத்தைத் தேடுகிறார்.

காற்று வலது பக்கத்திலிருந்து அடிக்கிறது. சக்கரம் தரையைத் தொட்டதும் மூக்கு வலது பக்கம், காற்றின் பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுத்துப் பிடிப்பது இடது கால் ஒன்றுதான். வலது பக்கம் என்ன இருக்கிறது? பந்தல் இருக்கிறது. இவ்வளவையும் நான் இங்கே நிதானமாக எழுதுகிறேன். அங்கே மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. எஞ்சினை முழுக்கத் திறந்தேன். பந்தலின் தோரணம் படபடக்க மேலேறிப் போனோம்.

உயரத்துக்குப் போன பிறகு விஷயத்தைச் சொல்லி, பெல்ட்டைக் கழற்றாமல் எட்டுகிற வரைக்கும் காலடியில் தேடச் சொன்னேன். குனிந்தார், நெளிந்தார். கடைசியில் ஒரு பழத்தை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். கிடைத்துவிட்டது, இறக்கு என்றார். காலை அழுத்திப் பார்த்தேன். அதே பாதி. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். அது வெளியே போய் விழுந்திருக்கும், கலெக்டர் எழுந்து நிற்கிறார், இறக்கு என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். ஆபத்து என்பது பயமுறுத்திக்கொண்டு வருவதில்லை, நியாயம் பேசிக்கொண்டு வரும். எனக்குள்ளே ஒரு வக்கீல் உட்கார்ந்து வாதாடினான். பாதிக் கால் இருக்கிறதே, அது போதாதா? இதைவிட மோசமான காற்றில் இறக்கியவன்தானே நீ? பழத்தை எடுத்தாகிவிட்டது என்று முதலாளியே சொல்கிறார், ஏதாவது ஆனால் பொறுப்பு அவருடையது. இன்னொரு தடவை சுற்றினால் நாளைக்குப் பெங்களூருக்குத் தந்தி போகும். எல்லாம் உண்மை. ஒன்றைக்கூட மறுக்க முடியாது. அந்த வக்கீலின் பேச்சைக் கேட்டுத்தான் இரண்டாம் தடவை கரையைத் தாண்டினேன், ஒளிக்காமல் சொல்கிறேன். ஒருவேளை காற்று தணிந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை.

பாதையின் குறுக்கே செம்மண் புழுதி ஒன்று விரித்த பாய்போலக் கிழக்கே ஓடியது. காற்று தணியவில்லை. காலை அழுத்தினேன். பாதி. முதலாளி சொல்வது ஒன்று, கால் சொல்வது ஒன்று. சம்பளம் கொடுப்பவர் முதலாளிதான். ஆனால் பந்தலில் இருக்கிறவர்களுக்கு அன்றைக்கு என் காலைத் தவிர வேறு நாதியில்லை. மறுபடியும் எஞ்சினைத் திறந்தேன்.

முதலாளி முழுக்கத் திரும்பி என் முகத்தைப் பார்த்துக் கத்தினார். "எறக்குறியா, இல்ல வேற ஆளப் பார்க்கவா?"

நாங்கள் கரைக்கு உள்ளே இருந்தோம். நான் பதில் சொல்லவில்லை. வண்டி ஏறி நிதானத்துக்கு வந்த பிறகுதான் குழாயை எடுத்தேன்.

"முதலாளி, எடது காலு பாதிதான் போகுது. அங்க எறக்குனா வண்டி பந்தலுக்குள்ளதான் போய் நிக்கும். நான் எறக்க மாட்டேன்."

அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். கோபமா பயமா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. கீழே சனம் சிரித்ததும், இவனுக்கு எறக்கத் தெரியலடா என்று ஒருத்தன் கத்தியதும் பிற்பாடு பாய் சொல்லித்தான் தெரியும். கேட்காமல் இருந்ததும் நல்லதுதான்.

ஓங்கி மிதித்தால் என்ன என்றும் யோசித்தேன். பழம்தானே, நசுங்கிவிடாதா? நசுங்கலாம். அல்லது இன்னும் உள்ளே போய் இறுகிக்கொள்ளலாம். பாதிக் காலாவது கையில் இருந்தது. அதைப் பந்தயத்தில் வைக்க எனக்கு உரிமையில்லை. ஆகவே இடது காலே தேவைப்படாத ஒரு இறக்கத்தை யோசித்தேன். காற்றுக்கு நேர் எதிரே, மேற்குப் பார்த்து இறங்கினால் மூக்கு எந்தப் பக்கமும் திரும்பாது. அதற்குக் கிழக்கு மேற்காக இடம் வேண்டும். இருந்தது, கண்மாய். ஆவணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வந்த முதல் வாரமே பாயும் நானும் அதன் தண்ணீர் நிற்கும் உள்வாயை நடந்து பார்த்து, எருமை புரண்ட குழிகளைத் தூர்த்து, கல்லைப் பொறுக்கி வைத்திருந்தோம். உங்களுக்கு வேற வேலை இல்லையா என்று அப்போது முதலாளி கேலி செய்தார். இறங்குகிற இடத்தை எல்லோரும் பார்த்துவைப்பார்கள். இறங்க முடியாமல் போனால் எங்கே என்று பார்த்துவைப்பவன்தான் பைலட்.

கிழக்கே போய்த் திரும்பிக் கண்மாய்க்குள் இறக்கினேன். கரைக்கு அந்தப் பக்கம் நாங்கள் மறைந்ததும், வண்டி விழுந்துவிட்டது என்று சனம் அலறிக்கொண்டு ஓடிவர ஆரம்பித்திருக்கிறது. இங்கேயோ சக்கரம் தரையைத் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. என் ஆயுளில் அதற்கு முன்னும் அப்படி ஒரு இறக்கம் இல்லை, பின்னும் இல்லை. அதைப் பார்த்த பாக்கியம் நாலு எருமைகளுக்குத்தான் கிடைத்தது.

முதலாளி இறங்கி, சரிகை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் நின்றார். சைக்கிளில் கரையேறி முதலில் வந்து சேர்ந்தவர் பாய். எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் முன் ஸீட்டுக்குள் தலையை விட்டார். வெளியே வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது. ரட்டர் கட்டையின் முனைக்கும் பக்கப் பலகைக்கும் நடுவில் இரண்டாவது பழம் இறுகிப்போய் உட்கார்ந்திருந்தது.

"தப்பு என்னோடது மொதலாளி. பழத்தைக் குடுத்தது நான்தான். கையை மட்டும் யோசிச்சேன், காலை யோசிக்கல. இவர ஒண்ணும் சொல்லாதீக."

சொல்லிவிட்டு அதை நெம்பி எடுக்க ஸ்க்ரூடிரைவரை உருவினார். முதலாளி தடுத்தார். எடுக்காதே, அப்படியே இருக்கட்டும் என்றார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிறகின் மேல் கால்வைத்து ஏறி, பின் ஸீட்டில், என் இடத்தில், உட்கார்ந்தார். இடது காலை அழுத்தினார். நின்றது. எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினார். நின்றது. எத்தனையோ வருஷம் பஸ் பிரேக்கை மிதித்த கால் அது. காலுக்கடியில் வழக்கமாக இருப்பது இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று அந்தக் காலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ரொம்ப நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் காலோடவா பந்தலுக்கு நேரா வந்தோம்?"

"ரெண்டு தடவை, முதலாளி."

அதற்குள் சனம் கரைமேல் ஏறி நின்றுவிட்டது, பஞ்சு வியாபாரியின் காரும் கரையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டது. வண்டி விழவில்லை என்று தெரிந்ததும் கலெக்டர் புறப்பட்டுப் போய்விட்டாராம். மனுஷர் இறங்கும்போதே சூடாக இறங்கினார். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு இரண்டு தடவை திணறி, கடைசியில் எருமைக் குழிக்குள் கொண்டுவந்து போட்டிருக்கிறான், நான் அப்போதே சொல்லவில்லையா என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. நான் அங்கே நிற்பதாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை.

முதலாளி பின் ஸீட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே பேசினார்.

"ரெண்டு தடவை எறக்குன்னு சொன்னது நானு. வேலைய விட்டுத் தூக்கிருவேன்னு சொன்னதும் நானுதான். இவரு கேக்கல. கேட்டிருந்தா இந்நேரம் முன்வரிசையில உக்காந்திருந்த உங்களத்தான் மொதல்ல தேடிக்கிட்டு இருப்பாக. எம்பொழப்புல எம்பேச்சு தப்புன்னு எம்மூஞ்சிக்கு நேரா செஞ்சு காட்டின ஆளு இவரு ஒருத்தருதான். இனி இவருதான் ஓட்டுவாரு. கூட்டு வேணுமா வேணாமான்னு நீங்க யோசிச்சுக்கங்க."

 பாய் அவசரம் அவசரமாக எஞ்சின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தார், அதில் துடைக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும்.

எலுமிச்சம்பழத்தை அன்றோடு நிறுத்தினோம். ஒரு ஆபத்தைத் தடுக்க நீங்கள் கொண்டுவருகிற பொருளே இன்னொரு ஆபத்தாகலாம். கொண்டுவந்தவன் புத்திசாலியாக இருந்தால் அதைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது, அதுதான் வில்லங்கம். பாய் பெரிய புத்திசாலி. ஆனாலும் தப்பு என்னோடது என்று முதலில் வாயைத் திறந்தவரும் அவர்தான். மறுசுற்றுப் போவதை இன்றைக்கும் உங்களில் சிலர் வெட்கமாக நினைக்கிறீர்கள், இறங்கி வந்து சமாதானம் சொல்கிறீர்கள். என்னிடம் வந்து சொல்லுங்கள், தோளில் தட்டி ஒரு காபி வாங்கித் தருகிறேன்.

பஞ்சு வியாபாரி அன்று ராத்திரி யோசித்தார்போலிருக்கிறது. மறுநாள் காலை முதல் ஆளாக ஓடுபாதைக்கு வந்து நின்றார். நேராகப் போய் முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தார். பாய் பெல்ட்டைக் கட்டினார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று வியாபாரி முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலே உட்காருங்கள், நான் சொல்கிற வரைக்கும் எடுக்காதீர்கள் என்றேன்.

அப்படியே உட்கார்ந்துகொண்டார்.